ஸ்வீட் தொடுவதில்லை, ஆள் ஒல்லி, ஆனாலும் சுகர் பார்டரில்

கேள்வி: வணக்கம் டாக்டர். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். வயது 38, உயரம் 168 சென்டிமீட்டர், எடை 68 கிலோ. கம்பெனியில் நடந்த மருத்துவ முகாமில் வெறும் வயிற்றில் சர்க்கரை 108, சாப்பிட்ட பின் 152, ஹெச்பிஏ1சி 6.0 என்று வந்தது. அங்கிருந்த டாக்டர் "பார்டர்ல இருக்கு, பார்த்துக்கோங்க" என்று மட்டும் சொன்னார். நான் ஒல்லியான ஆள், ஸ்வீட் தொடுவதில்லை, டீக்குக்கூட ஆறு மாதமாக நாட்டுச்சர்க்கரைதான். அப்பாவுக்கு 50 வயதில் சுகர் வந்தது. காலையில் நாலு இட்லி அல்லது மூன்று தோசை, 11 மணிக்கு டீ பிஸ்கட், மதியம் சாதம் குழம்பு ரசம் மோர், சாயங்காலம் டீயும் பஜ்ஜியும், ராத்திரி 10 மணிக்கு மூன்று சப்பாத்தி, ஷிப்மெண்ட் நேரத்தில் மட்டும் பரோட்டா. ஒரு நண்பர் உடனே மெட்ஃபார்மின் மாத்திரை ஆரம்பி என்கிறார், இன்னொருவர் அரிசியை அடியோடு நிறுத்து என்கிறார், மனைவியோ "பார்டர்னா இன்னும் வரலைன்னுதானே அர்த்தம்" என்கிறாள். யார் சொல்வது சரி? முழு ரிப்போர்ட்டையும் இணைத்திருக்கிறேன். (மனைவிக்கு இரண்டாவது பிரசவத்தின்போது சுகர் இருந்தது, குழந்தை பிறந்ததும் சரியாகிவிட்டது. இளையவனுக்கு இப்போது நாலு வயது. ஹீமோகுளோபின் 9-தான் என்று இப்போது இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறாள். அவளும் ஏதாவது டெஸ்ட் எடுக்க வேண்டுமா?)

பதில்: சர்க்கரையை முதலில் முடித்துவிடுவோம், அதில் பேச அதிகமில்லை. வெறும் வயிற்றில் 100 முதல் 125 வரை, 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 140 முதல் 199 வரை, கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை, இந்த மூன்றில் எதில் மாட்டினாலும் அது நீரிழிவுக்கு முந்தைய நிலை. 126, 200, 6.5 என்பவை சர்க்கரை நோய்க்கான கோடுகள். முகாமில் உங்களுக்குக் குளுக்கோஸ் கொடுத்திருக்க மாட்டார்கள், டிபன் சாப்பிட்டுவிட்டு வரச் சொல்லியிருப்பார்கள், அதனால் அந்த 152-ஐ அப்படியே இந்தக் கணக்கில் வைக்க முடியாது. ஆனாலும் மற்ற இரண்டும் ஒரே விஷயத்தைத்தான் சொல்கின்றன. ஆக பார்டர் என்றது சரிதான். "பார்த்துக்கோங்க" என்று அனுப்பிவிட்டார்களே, அதுதான் எனக்கு ஒப்பவில்லை. எதைப் பார்த்துக்கொள்வது?

உங்கள் ரிப்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தைப் புரட்டினீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, பெரும்பாலானவர்கள் சர்க்கரை எண்ணைப் பார்த்ததும் காகிதத்தை மடித்து வைத்துவிடுகிறார்கள். அங்கே ரத்தக் கொழுப்பில் ஒரு வகையான ட்ரைகிளிசரைடு 212, நல்ல கொழுப்பு என்கிற ஹெச்டிஎல் 34, கல்லீரல் பரிசோதனையில் எஸ்ஜிபிடி (கல்லீரல் பாதித்தால் ஏறும் நொதி) 58, ரத்த அழுத்தம் 132/86 என்று இருக்கிறது. இடுப்புச் சுற்றளவு என்ற கட்டம் காலி, யாரும் அளக்கவில்லை. அதனால்தான் பதில் எழுதும் முன்பே அதை மட்டும் அளந்து அனுப்பச் சொல்லிக் கேட்டேன். முதலில் 34 இன்ச் என்று அனுப்பினீர்கள். அது பேண்ட் சைஸ். தொப்பைக்குக் கீழே இறக்கிக் கட்டும் பேண்ட்டுக்கு எத்தனை வருடமானாலும் சைஸ் மாறாது, பல பேரை இந்த ஒரு விஷயம் ஏமாற்றிக்கொண்டே இருக்கிறது. கடைசி விலா எலும்பு முடியும் இடத்தையும், பக்கவாட்டில் இடுப்பெலும்பு தொடங்கும் இடத்தையும் விரலால் தொட்டுப் பார்த்து, இரண்டுக்கும் நடுவில் டெய்லர் டேப்பைச் சுற்றி, வயிற்றை உள்ளே இழுக்காமல் சாதாரணமாக மூச்சு விட்டதும் படிக்க வேண்டும், சட்டையைத் தூக்கிவிட்டு. அப்படி அளந்ததும் 94 சென்டிமீட்டர் வந்தது, அதாவது 37 இன்ச். நம் நாட்டு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80, அதுதான் எல்லை.

சரி, உங்களை ஒல்லி என்று யார் சொன்னது? உயரத்துக்கு எடை எவ்வளவு என்று பார்க்கும் பிஎம்ஐ கணக்கில் 24 வருகிறது. 25 வரை நார்மல் என்பது ஐரோப்பியர்களை வைத்துப் போட்ட கணக்கு, நமக்கு 23-லேயே அதிக எடை தொடங்கிவிடுகிறது, 25 என்றால் உடல் பருமன். இதற்கு ஒரு நல்ல உதாரணம் உண்டு. 2004-இல் லான்செட் மருத்துவ இதழில் இரண்டு டாக்டர்கள் தங்கள் புகைப்படத்தையே போட்டுக் காட்டினார்கள், ஒருவர் புனேயைச் சேர்ந்த யாஜ்னிக், இன்னொருவர் லண்டனைச் சேர்ந்த யட்கின். இருவருக்கும் பிஎம்ஐ அச்சு பிசகாமல் 22.3. உடம்பில் இருந்த கொழுப்பு மட்டும் யட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். கை கால் மெலிந்து, தசை குறைந்து, வயிற்றுக்குள் கொழுப்பு சேரும் உடல்வாகு நம்முடையது. சட்டை போட்டுக்கொண்டால் தெரியாது, தராசும் காட்டாது, டேப் காட்டிவிடும்.

இப்போது எல்லாவற்றையும் சேர்த்துப் பாருங்கள். இடுப்பு 90-க்கு மேல், ட்ரைகிளிசரைடு 150-க்கு மேல், ஹெச்டிஎல் ஆண்களுக்கு 40-க்குக் கீழ் (பெண்களுக்கு 50), ரத்த அழுத்தம் 130/85-க்கு மேல், வெறும் வயிற்றுச் சர்க்கரை 100-க்கு மேல். இந்த ஐந்தில் மூன்று இருந்தாலே மெட்டபாலிக் சிண்ட்ரோம் என்கிறோம். உங்களுக்கு ஐந்துக்கு ஐந்து. பரீட்சையில் வாங்கியிருந்தால் சந்தோஷப்பட்டிருக்கலாம்.

இதெல்லாம் ஐந்து தனித்தனி வியாதி என்று நினைத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு டாக்டரைத் தேடிப் போகாதீர்கள். ஐந்தும் பெரும்பாலும் ஒரே இடத்திலிருந்துதான் கிளம்புகின்றன: உடம்பில் இன்சுலின் இருக்கிறது, ஆனால் அதன் பேச்சு எடுபடவில்லை. ராத்திரி சப்பாத்தி சாப்பிட்டு, அப்புறம் எட்டு மணி நேரம் பச்சைத் தண்ணீர் மட்டும் குடித்த ஆளுக்குக் காலையில் எப்படி 108 வருகிறது என்று யோசித்திருக்கிறீர்களா? அந்தச் சர்க்கரை சாப்பாட்டிலிருந்து வந்ததில்லை, உங்கள் கல்லீரல் செய்து ரத்தத்தில் விட்டது. தூங்கும்போதும் மூளைக்குக் குளுக்கோஸ் வேண்டும் என்பதால் கல்லீரல் எல்லோருக்கும் இதைச் செய்யும், போதும் நிறுத்து என்று சொல்வது இன்சுலின் வேலை. கல்லீரலில் கொழுப்பு படியப் படிய அந்த உத்தரவு அதன் காதில் ஏறுவதில்லை, அது பாட்டுக்குச் செய்துகொண்டே இருக்கிறது. அதே கல்லீரல் மிச்சமாகும் மாவுச்சத்தைக் கொழுப்பாக்கி ரத்தத்தில் அனுப்புகிறது, அதுதான் அந்த 212. ட்ரைகிளிசரைடு ஏறினால் கூடவே ஹெச்டிஎல் இறங்குவது வழக்கம். எஸ்ஜிபிடி 58 என்பதும் அநேகமாக இதே கதையின் இன்னொரு பக்கம்தான், ஆனால் மஞ்சள் காமாலைக் கிருமிகள், வேறு மாத்திரைகள், குடிப்பழக்கம் என்று வேறு காரணங்களும் அதற்கு உண்டு, அதனால் ஒரு வயிற்று ஸ்கேனும் ஹெபடைடிஸ் பி, சி பரிசோதனையும் எடுத்துவிடுங்கள். மது பற்றி நீங்கள் எழுதவில்லை. பழக்கம் இருந்தால் அந்த 212-ல் அதற்கும் பங்கு இருக்கலாம், உங்கள் டாக்டரிடமாவது மறைக்காமல் சொல்லுங்கள்.

உங்கள் தொழிலை வைத்தே சொல்கிறேன். மெஷின் மந்தமாக ஓடினாலும் ஆளைக் கூட்டி ஓவர்டைம் போட்டு ஷிப்மெண்ட்டைத் தேதிக்கு அனுப்பிவிட்டால் ஆர்டர் கொடுத்த பையருக்கு உள்ளே நடப்பது எதுவும் தெரியாது. கணையமும் பல வருடம் இரண்டு மடங்கு இன்சுலின் சுரந்து சர்க்கரையை 90-லேயே வைத்திருக்கும், அதனால் ரிப்போர்ட்டும் நார்மல் என்றே வரும். 108 என்பது முதல் முறையாகத் தேதி தவறியது. பிரிட்டனில் நடந்த பெரிய ஆய்வு ஒன்றில், சர்க்கரை நோய் என்று கண்டுபிடித்த நாளிலேயே இன்சுலின் சுரக்கும் திறனில் ஏறக்குறையப் பாதி போயிருந்ததாகக் கணக்கிட்டார்கள். அதாவது சர்க்கரை கடைசியாக ஏறுகிற எண். இடுப்பும் ட்ரைகிளிசரைடும் அதற்கு முன்பே சொல்லியிருக்கும், நாம்தான் கேட்பதில்லை. இப்போது எட்டிப் பிடித்தால் அந்தத் திறனில் நிறைய மிச்சம் இருக்கும், அதற்காகத்தான் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்.

உங்கள் மனைவி சொன்னதும் பாதி சரி, இன்னும் வரவில்லை. ஆனால் சென்னையில் ஒரு கூட்டம் பேரைச் சராசரியாக 9 வருடம் தொடர்ந்து பார்த்த ஆய்வில், பார்டரில் இருந்தவர்களில் நூற்றுக்கு 59 பேருக்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டது. வெள்ளைக்காரர்களைவிட நமக்கு இந்தத் தூரம் சீக்கிரம் கடந்துவிடுகிறது. அதே சென்னையில் உருவாக்கிய இந்திய நீரிழிவு அபாய மதிப்பெண் என்று ஒன்று உண்டு, ரத்தம்கூட எடுக்க வேண்டாம். வயது 35 முதல் 49 என்றால் 20, ஆண்களுக்கு இடுப்பு 90 முதல் 99 வரை என்றால் 10, அப்பா அம்மாவில் ஒருவருக்குச் சர்க்கரை என்றால் 10, உட்கார்ந்த வேலையும் உடற்பயிற்சி இல்லாமையும் சேர்ந்தால் 30. உங்களுக்கு 70. அதில் 60-ஐத் தொட்டாலே அதிக அபாயம். நன்றாகக் கவனியுங்கள், வயதையும் அப்பாவையும் மாற்ற முடியாது, அவை இரண்டும் சேர்ந்து 30-தான், மிச்சம் 40 உங்கள் கையில்.

சாப்பாட்டுக்கு வருவோம். ஸ்வீட் தொடுவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், நம்புகிறேன். ஆனால் நீங்கள் எழுதிய அந்த ஒரு நாள் பட்டியலை ஒரு பேனாவை வைத்துக்கொண்டு படித்தேன்: இட்லி, பிஸ்கட், சாதம், பஜ்ஜி, சப்பாத்தி. எல்லாம் மாவு. முட்டை இல்லை, பயறு இல்லை, கீரை இல்லை, மீன் கறி எதுவும் இல்லை, பொரியல்கூட எழுதவில்லை. குழம்பில் இருக்கும் பருப்பை வேண்டுமானால் கணக்கில் சேர்க்கலாம். உங்களை மட்டும் குறை சொல்லவில்லை, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வில் நாம் சாப்பிடும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்துதான் வருகிறது, அதுவும் பெரும்பாலும் தீட்டிய அரிசி, அரைத்த மாவு, சர்க்கரை.

அரிசியை அடியோடு நிறுத்து என்ற நண்பரிடம் ஒரு கேள்வி கேளுங்கள், எத்தனை மாதம் நிறுத்தினார் என்று. திருப்பூரில் குடும்பத்தோடு இருக்கும் ஒருவர் சோற்றை விட்டுவிட்டு எத்தனை நாள் தாக்குப்பிடிப்பார்? பொங்கல் வந்ததும் கதை முடிந்துவிடும். சாதத்தைப் பாதியாக்குங்கள், அந்தப் பாதி காலியிடத்தில் பொரியல், கீரை, அதன் மேல் சுண்டலோ முட்டையோ மீனோ வரட்டும். முதலில் காய், அப்புறம் சாதம் என்று சாப்பிட்டால் சர்க்கரை ஏறும் வேகம் குறையும். காலையில் நாலு இட்லி இரண்டாகட்டும், கூட ஒரு முட்டை, அல்லது சாம்பாரைத் தண்ணீராக இல்லாமல் பருப்போடு ஒரு கிண்ணம். சப்பாத்திக்கு மாறியது நல்லது என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள், மூன்று சப்பாத்திக்கும் ஒரு தட்டுச் சோற்றுக்கும் சர்க்கரைக் கணக்கில் பெரிய வித்தியாசம் கிடையாது, தொட்டுக்கொள்ள என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி. சிறுதானியம் என்று போர்டு மாட்டிய கடைகள் இப்போது நிறைய, கம்பும் ராகியும் நல்லவைதான், ஆனால் நைஸாக அரைத்துக் கூழாக்கிக் குடித்தால் அதுவும் விறுவிறுவென்று ஏற்றும். நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி, தேன் எதுவானாலும் ரத்தத்துக்குள் போனதும் ஒன்றுதான், விலை மட்டும் வேறு. ஆவாரம்பூ டீ பற்றி யாராவது சொல்லியிருப்பார்கள், குடியுங்கள், அதனால் சாதா டீ ஒன்று குறைந்தால் அதுவே லாபம்.

பத்து மணிச் சாப்பாடுதான் எனக்கு உறுத்துகிறது. சாப்பிட்டதும் படுக்கை, காலையில் மறுபடி நாற்காலி. சாப்பிட்ட சர்க்கரையில் பெரும்பங்கை உள்ளே இழுத்துக்கொள்வது தசைதான், அதிலும் தசை வேலை செய்யும்போது இன்சுலின் உதவி அதிகம் இல்லாமலே இழுத்துக்கொள்ளும். ஜிம்மில் பணம் கட்டுவது அப்புறம் இருக்கட்டும், மதியமும் ராத்திரியும் சாப்பிட்ட பத்து நிமிடத்தில் எழுந்து ஒரு கால் மணி நேரம் நடங்கள், கம்பெனிக்குள்ளேயே கட்டிங் செக்‌ஷனிலிருந்து பேக்கிங் வரை நாலு தடவை போய் வந்தாலும் சரி. வாரத்துக்கு 150 நிமிட வேகமான நடை என்பது பொதுவான இலக்கு. அதோடு வாரம் இரண்டு நாள் தசைக்கு வேலை, நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை வைத்துத் தள்ளுவது, தண்ணீர்க் கேனைத் தூக்குவது, இவ்வளவு போதும். ராத்திரிச் சாப்பாட்டை எட்டு மணிக்குக் கொண்டுவர முடிந்தால் தூக்கமும் சேர்ந்து திருந்தும், ஐந்து மணி நேரத் தூக்கம் மாதக்கணக்கில் தொடர்ந்தால் அதுவே இன்சுலின் வேலையை மந்தமாக்கும். குறட்டை பலமாக விட்டுப் பகலில் தூங்கி வழிகிறீர்களா என்று உங்களைக் கேட்டால் இல்லை என்பீர்கள், மனைவியைக் கேளுங்கள், ஆமாம் என்றால் அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். சிகரெட் இருந்தால் அதுவும் சர்க்கரை நோய்க்கு ஒரு காரணம், புகைத்தால் நுரையீரல் மட்டும்தான் கெடும் என்று பலர் நினைக்கிறார்கள்.

மெட்ஃபார்மின்? 2006-இல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு, சென்னையில் டாக்டர் ராமச்சந்திரன் குழு செய்தது, உங்கள் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்கிறது. பார்டரில் இருந்த 531 பேரை நாலு குழுவாகப் பிரித்தார்கள். மூன்று வருடத்தில் எதுவும் செய்யாத குழுவில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. நடையும் சாப்பாட்டு மாற்றமும் சொல்லப்பட்ட குழுவில் 39.3, மெட்ஃபார்மின் மட்டும் எடுத்தவர்களில் 40.5, இரண்டும் சேர்த்துச் செய்தவர்களில் 39.5. நடந்தவர்களுக்கு மாத்திரை கூடுதலாக எதையும் கொடுக்கவில்லை. இன்னொன்று, அந்தக் குழுவில் எடை பெரிதாகக் குறையவில்லை, அப்படியும் பலன் கிடைத்தது, அதனால் ஒரு மாதம் நடந்தும் தராசு அசையவில்லை என்று விட்டுவிடாதீர்கள். (அதற்காக எடை குறைய வேண்டாம் என்று இல்லை, உங்களுக்கு மூன்றரை முதல் ஐந்து கிலோ குறைந்தால் கல்லீரல் கொழுப்பு நன்றாக இறங்கும்.) என் அபிப்பிராயம், மூன்று மாதம் ஒழுங்காகச் செய்துவிட்டு வெறும் வயிற்றுச் சர்க்கரை, ஹெச்பிஏ1சி, கொழுப்பு, எஸ்ஜிபிடி, இடுப்பு எல்லாவற்றையும் மறுபடி பாருங்கள். இறங்கவில்லை, அல்லது ஏறியிருக்கிறது என்றால் அப்போது மெட்ஃபார்மின் பற்றி உங்கள் டாக்டரோடு பேசலாம், அது மோசமான மருந்தில்லை, ஆனால் நண்பர் சொல்லி மெடிக்கல் ஷாப்பில் வாங்கும் மருந்தும் இல்லை. ரத்த அழுத்தத்தை இந்த ஒரு அளவை வைத்து முடிவு செய்ய வேண்டாம், டீ குடித்து அரை மணி நேரமாவது கழித்து, ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்து, வேறு வேறு நாளில் மூன்று தடவை பாருங்கள்.

கடைசியாக, உங்கள் கடிதத்தில் அடைப்புக்குறிக்குள் போட்டிருந்தீர்களே ஒரு விஷயம், எனக்கு உங்கள் ரிப்போர்ட்டைவிட அதுதான் அவசரமாகத் தெரிகிறது. கர்ப்பகாலத்தில் சர்க்கரை வந்த பெண்களுக்குப் பின்னால் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏழு முதல் பத்து மடங்கு அதிகம். குழந்தை பிறந்து 6 முதல் 12 வாரத்துக்குள் ஒரு டெஸ்ட், அப்புறமும் விடாமல் பார்த்து வர வேண்டும் என்பது விதி. நாலு வருடமாக ஒன்றும் பார்க்கவில்லை என்றுதான் உங்கள் கடிதத்தைப் படித்தால் தோன்றுகிறது. பிரசவம் முடிந்ததும் குழந்தைக்குத் தடுப்பூசி அட்டை கிடைக்கிறது, அம்மாவுக்கு எந்த அட்டையும் கிடைப்பதில்லை, அதனால் பெரும்பாலான வீடுகளில் இப்படித்தான் நடக்கிறது. எனக்குத் தெரிய வேண்டியது அவருடைய ஹெச்பிஏ1சி மட்டும் இல்லை. ஹீமோகுளோபின் 9 என்றீர்கள், இரும்புச்சத்துக் குறைவு இருந்தால் ஹெச்பிஏ1சி உண்மையில் இருப்பதைவிடக் கூடுதலாகக் காட்டலாம், அதை மட்டும் நம்பினால் வீண் பயம் வரும். எனவே அவருக்கு 75 கிராம் குளுக்கோஸ் டெஸ்ட்தான் சரி, கர்ப்பமாக இருந்தபோது குடித்த அதே குளுக்கோஸ் தண்ணீர். ராத்திரி எட்டு மணி நேரமாவது ஒன்றும் சாப்பிடாமல் இருந்து, காலையில் ஒரு முறை ரத்தம் கொடுத்து, ஐந்து நிமிடத்துக்குள் குடித்து முடித்து, இரண்டு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்து மறுபடி ரத்தம் கொடுக்க வேண்டும். நடுவில் வீட்டுக்குப் போய்ச் சமையலை முடித்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பக் கூடாது, நடந்தால் அளவு மாறிவிடும். வாந்தி எடுத்துவிட்டால் அந்த டெஸ்ட் கணக்கில் வராது, வேறு நாள் வைத்துக்கொள்ளலாம். அந்த இரண்டு எண்களோடு அவருடைய இடுப்பு அளவு, ரத்த அழுத்தம், இரண்டு குழந்தைகளும் பிறந்தபோது இருந்த எடை, அவர் அப்பா அம்மாவுக்குச் சர்க்கரை உண்டா என்பதையும் எழுதி அனுப்புங்கள். முடிந்தால் அவரையே எழுதச் சொல்லுங்கள், அவரிடம் கேட்க எனக்கு இன்னும் சில கேள்விகள் இருக்கின்றன.